துரை பாதையும் ஆள் பாதையும்: ஊவா மலைகளின் நடைவழி வரலாறு

மலைநாட்டில் நடப்பதற்கென்றே இப்பொழுது வெளிநாட்டார் இலங்கைக்கு வருகின்றனர். கண்டிக்கு அண்மையில் உள்ள ஹந்தானை மலையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல, தெமோதரை என வளைந்து சென்று நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ நடைவழி’ 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. இலங்கையின் சுற்றுலாத் துறையில் நீண்டகாலம் பணியாற்றிய மிகெல் குனாட் என்னும் ஸ்பானியர் இதனைத் திட்டமிட்டார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் நிதியுதவி வழங்கின. 2020களின் முற்பகுதியில் இப்பாதை நடப்போருக்குத் திறக்கப்பட்டது.

இதனைப் பற்றிப் பிறநாட்டு ஏடுகளில் வெளியான கட்டுரைகள் சிலவற்றை நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பி வைத்தார். “பதுளையில் செய்தியாளராக இருந்தவர் ஆயிற்றே நீங்கள், இது குறித்து எழுதக் கூடாதா?” என்பது அவரது கேள்வி. அக்கட்டுரைகளைப் படித்தேன். பனி மூடிய மலைமுகடு, பச்சைக் கம்பளம், கொழுந்து பறிக்கும் பெண்களின் புன்னகை ஆகிய மூன்றும் அநேகமாக எல்லாவற்றிலும் இருந்தன. அப்பாதையை யார் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள் என்ற செய்தி ‘பிரித்தானியர் காலத்துப் பாதை’ என்ற ஒரு சொற்றொடருடன் முடிந்து விடுகிறது. அச்சொற்றொடருக்குள் அடங்கிக் கிடக்கும் வரலாற்றைச் சற்று விரித்து எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். பாதை முழுவதையும் பற்றி எழுதப் போவதில்லை. நான் நடந்தறிந்த ஊவாவையே இங்கு எடுத்துக் கொள்கிறேன்.

ஊவா என்பது ஒரே விதமான நிலம் அன்று. அப்புத்தளை நகரம் ஒரு மலைவிளிம்பின் மீது அமர்ந்திருக்கிறது. ஒருபுறம் நிலம் சடுதியாகச் சரிந்து தென்திசைத் தாழ்நிலமாக விரிகிறது. வானம் தெளிந்த நாளில் கடலோரம் வரை கண்ணுக்குப் புலப்படும். மறுபுறம் பண்டாரவளை, தியத்தலாவை, வெலிமடை என அலையலையாக உருளும் மேட்டுநிலம். மலையகத்தார் ‘பத்தனை’ என வழங்கும் புல்வெளிகள் அங்கே மிகுதி. பள்ளங்களில் படிப்படியான நெல்வயல்கள், உயரத்தில் தேயிலை, அதற்கும் மேலே மேகம் தங்கும் காடு. ஆடியிலும் ஆவணியிலும் கச்சான் காற்று மலையைத் தாண்டி உலர்ந்து வீசும் போது ஊவாத் தேயிலைக்குத் தனியான ஒரு மணம் வாய்க்கிறது. இவை யாவும் ஒரு நாள் நடையில் காணக்கூடியவை. அதனால்தான் நடப்போர் இங்கு மயங்குகின்றனர். இத்தகைய நிலத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதென்பது நெடுங்காலமாகப் பெரும்பாடாக இருந்து வந்துள்ளது என்பதையும் உடன் நினைத்துக் கொள்ள வேண்டும்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்னரே இங்கு பாதைகள் இருந்தன. ஹாலிஎலவுக்கு அப்பால் போகொட என்ற இடத்தில் ஓடு வேய்ந்த பழைய மரப்பாலம் ஒன்று இன்றும் உண்டு. பதுளையையும் கண்டியையும் இணைத்த பண்டைய வழியில் அமைந்தது அது என்பர். அவ்வழியே பொதி மாடுகள் உப்பும் கருவாடும் பாக்கும் சுமந்து சென்றன. பொதிமாட்டு அணிக்குச் சிங்களத்தில் ‘தவலம்’ என்று பெயர். இன்றைய பீக்கோ நடைவழி தொட்டுச் செல்லும் தவலந்தென்ன என்ற ஊர்ப்பெயரில் அந்த மாடுகள் இளைப்பாறிய மேட்டின் நினைவு தங்கியிருக்கிறது.

கண்டி அரசு பாதைகளை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தது. அகன்ற பாதை பகைவனுக்கு உதவும் என்பது அவ்வரசின் போர்த் தந்திரம். 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பதுளையைக் கொளுத்திவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அண்மையில் உள்ள ரந்தெனிவெலவில் படையோடு அழிந்தான். ஊவாவின் ஒற்றையடிப் பாதைகள் அன்று ஊவாவைக் காத்தன.

இருநூறு ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. 1815இல் கண்டி அரசு பிரித்தானியர் வசமாயிற்று. 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்கச் சென்ற கெப்பட்டிபொல திசாவையே கிளர்ச்சியாளருடன் சேர்ந்து கொண்டார். 1818இன் இறுதிக்குள் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. வயல்களும் வீடுகளும் கொளுத்தப்பட்டன. கெப்பட்டிபொல சிரச்சேதம் செய்யப்பட்டார். இந்தக் கிளர்ச்சியிலிருந்து பிரித்தானியர் கற்ற பாடம், பாதை இல்லாத மலையை ஆள முடியாது என்பதாகும். அதன் பிறகே மலைநாட்டில் பெருந்தெருக்கள் எழுந்தன. தோமஸ் ஸ்கின்னரின் பெயரை வரலாற்று நூல்கள் கூறும். அவருடைய காலத்தில் கல்லுடைத்து மண்வெட்டிய ‘பயனியர்’ படைகளில் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட தமிழர் பலர் இருந்தனர். பெருந்தோட்டம் வருவதற்கு முன்னரே தெருவுக்காக வந்த தமிழர் இவர்கள்.

பதுளையில் அரசாங்கத்தின் ஏஜண்டாக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் ஊவாவில் தெருக்கள் அமைத்தவராக நினைவுகூரப்படுகிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்பதும் அவரது ‘புகழ்’. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். பதுளையில் உள்ள புனித மாற்கு தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் உண்டு. அவர் அமைத்த தெருக்களில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு நினைவுக்கல் எதுவும் பதுளையில் இருப்பதாக நான் கண்டதில்லை. 1848இல் வந்த தெருச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும் அல்லது பணம் கட்ட வேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கலகத்துக்கு இச்சட்டமும் ஒரு காரணம். மலைநாட்டுத் தெருக்களில் சிங்களக் கிராமத்தவனின் வியர்வையும் தமிழ்த் தொழிலாளியின் வியர்வையும் கலந்திருக்கின்றன. இதனை மறைத்து ஒரு சாராரின் பங்கை மட்டும் பேசுவது வரலாறாகாது.

தெருவுக்குப் பின்னால் கோப்பி வந்தது. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசுடைமை ஆக்கியது. அவை மிகக் குறைந்த விலைக்கு ஆங்கிலேயர் கைக்குப் போயின. கோப்பிக்கு ஆண்டில் சில மாதங்களே அதிக ஆள் வேண்டும். அவ்வேளையில் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். ஊரிலிருந்து கடற்கரை வரை நடை. கடலைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினால் அங்கிருந்து மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடை. நீரற்ற காடும், காய்ச்சலும், வாந்திபேதியும் அவ்வழியில் காத்திருந்தன. நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் முன்னே சென்றது. 1840களில் அவ்வாறு இறந்தோர் 70,000 பேர் இருக்கலாம் என ‘கொழும்பு ஒப்சேவர்’ ஏடு 1849இல் மதிப்பிட்டது. அத்தொகை சரிதானா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். தொகையைக் குறைத்துக் கொண்டாலும் கொடுமை குறைவதில்லை.

மாத்தளையில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டு உயிர் தப்பியதற்கு நன்றி கூறியதாக மரபு சொல்கிறது. ஊவாவுக்கு வர வேண்டியவர்களுக்கு நடை அங்கே முடிவதில்லை. மாத்தளையிலிருந்து கண்டி 16 மைல். கண்டியிலிருந்து நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளைக்கு மேலும் 80 மைலுக்கு மேல். வெயில்நிலத்து மக்கள், ஒற்றைத் துணியோடு, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட குளிர்மலையைக் கடந்து மறுபுறம் இறங்க வேண்டும். மலையகத்துக்கு வந்தோர் எல்லாரிலும் நெடுந்தூரம் நடந்தவர்கள் ஊவாவுக்கு வந்தவர்கள்தாம். நமது வரலாற்று நூல்கள் மாத்தளையோடு அந்த நடையை முடித்து விடுவது எனக்கு நெடுநாளைய குறை.

1869இல் கோப்பி இலையில் துருநோய் தோன்றியது. அது முதன்முதலாக அவதானிக்கப்பட்ட இடம் இதே பதுளை மாவட்டத்தின் மடுல்சீமைப் பகுதியாகும். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் மாண்டு போயிற்று. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. இதனால் பாதையின் கதையும் மாறியது. கோப்பிக்கு வந்தவர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து விடும் பயிர். ஆட்கள் குடும்பத்தோடு தங்க வேண்டியதாயிற்று. லயங்கள் நிரந்தரமாயின. ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையிலான பெருநடை குறைந்தது. தோட்டத்துக்கு உள்ளேயான அன்றாட நடை தொடங்கியது. இன்று சுற்றுலாப் பயணி நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது நடையின் தடத்தில்தான்.

தோட்டத்துப் பாதைகளை உற்றுப் பார்த்தால் அவை இரு வகைப்படும். ஒன்று துரை பாதை. ‘ரோட் டிரேசர்’ என்ற சாய்வு பார்க்கும் கருவியை வைத்து மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்து வெட்டிய பாதை அது. முதலில் துரையின் குதிரைக்காகவும், பின்னர் மாட்டு வண்டிக்காகவும், அதன் பின்னர் லொறிக்காகவும் அச்சாய்வு கணக்கிடப்பட்டது. ஓரத்தில் மழைநீர் வடியக் கான். கீழ்ப்புறத்தில் மண் சரியாதபடி கற்கட்டு. காடழித்த போது கிளம்பிய கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திக் கட்டியவை அந்தக் கட்டுகள். நூறாண்டு கழிந்தும் பல இடங்களில் அசையாமல் நிற்கின்றன. கற்கட்டு வேலையில் கைதேர்ந்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தனர். அவர்களின் பெயர்கள் செக்றோலில் எழுதப்பட்டுச் செக்றோலோடு அழிந்து போயின.

மற்றது ஆள் பாதை. தோட்டத்தில் ‘குறுக்கு’ என்பார்கள். தேயிலைச் செடிகளின் நடுவே மலையை நேர்செங்குத்தாக ஏறும் தடம். யாரும் இதனை அளந்து வெட்டவில்லை. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்குப் பிந்தினால் அன்றைய பேர் இல்லை. கொழுந்து நிறுக்கும் நேரம் தவறினால் சுமந்த சுமை வீண். நேரத்தைத் துரை வைத்துக் கொண்டதனால், தூரத்தைக் குறைத்துக் கொள்வது ஒன்றே தொழிலாளியால் செய்யக் கூடியதாக இருந்தது. வளைந்து செல்லும் துரை பாதையில் அரைமணி நேரம் ஆகும் தூரத்தைக் குறுக்கில் பத்து நிமிடத்தில் கடந்தார்கள். முதுகில் கூடையோடு, மழைக்காலத்தில் அட்டைக் கடியோடு. இன்று வழிகாட்டிப் படங்களில் ‘சற்றுக் கடினமான ஏற்றம்’ எனக் குறிக்கப்படும் இடங்கள் பல இத்தகைய குறுக்குகளே.

இவ்விரு பாதைகளிலும் தோட்டத்தின் வாழ்வு முழுவதும் நடந்தே சென்றது. தபால் நிலையத்திலிருந்து தினமும் கடிதப்பை கொண்டு வந்தவர் தப்பால்காரர். துரைக்கு நகரிலிருந்து இறைச்சிப் பெட்டியைத் தலையில் சுமந்து வருவதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். அரிசி மூட்டை மேலே ஏறியது. கோப்பியும் பின்னர் தேயிலைப் பெட்டியும் கீழே இறங்கின. பிரசவ வேதனையில் துடித்த பெண்ணைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிச் சென்றதும், இறந்தவரைப் பாடையில் சுமந்ததும் இவற்றில்தான். ஆடி மாதத்தில் வெல்லவாயப் பக்கம் இறங்கிக் கதிர்காமத்துக்கு நடந்தோரும் உண்டு. அது ஒன்றுதான் அவர்கள் தம் விருப்பத்தால் நடந்த நெடுநடையாக இருந்திருக்கும். இந்நடையின் பாடல்களில் எஞ்சியவற்றைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்து வைத்தார். அவர் அதனைச் செய்திராவிட்டால் அவையும் போயிருக்கும்.

புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. ஆனால் அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர அதற்கு 1924 வரை, முப்பது ஆண்டுகள் பிடித்தன. நிலத்தின் கடுமையும் முதலாம் உலகப்போரும் காரணங்கள். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தில் இன்று படமெடுக்காத பயணி இல்லை. தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து வருவதும் புகழ்பெற்றது. இதற்கிடையில் 1914இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டதோடு மன்னார்க் காட்டு நடை பழங்கதையாயிற்று. மலையக மக்கள் புகையிரதத்தைக் ‘கோச்சி’ என்றனர். இன்றும் அப்படித்தான் சொல்கின்றனர்.

பாதை அடக்குவதற்கு மட்டும் பயன்பட்டதில்லை. 1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்து கொண்டனர். அதனைக் கலந்தாலோசிக்கத் துரையும் இணங்க வேண்டியதாயிற்று. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளர் பறித்தனர். அவ்வாண்டு மே 12ஆம் திகதி, தடையை மீறிப் பதுளையில் சமசமாஜக் கட்சி பெருங்கூட்டம் நடத்தியது. பின்னர் பெருவெள்ளம் ஊவாவை ஒரு வாரத்துக்கும் மேலாகத் துண்டித்து விட, பொலிஸ் அடக்குமுறையின் கீழ் அந்த அலை ஓய்ந்தது.

1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் நடந்து சென்று வாக்களித்தனர். பதுளைத் தொகுதியில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா வெற்றி பெற்றார். அந்தக் காங்கிரஸ் வென்ற ஏழு இடங்களுள் அதுவும் ஒன்று. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொண்டன. பாட்டன் நடந்து வந்த வழியைப் பேரன் கோச்சியில் திரும்பிக் கடந்தான். பதுளையில் ஏறித் தலைமன்னாரில் கப்பல் பிடித்துப் போனவர்களுள் பலர் நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலை மலைகளிலேயே குறுக்குப் பாதை போட்டனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

இருபது ஆண்டுகளுக்கு முன், அப்புத்தளைக்கு மேலே தம்பதென்னப் பகுதியில், ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவருடன் லிப்டன் ஆசனம் என்ற முகடு வரை நடந்தேன். 1890இல் இலங்கை வந்த தோமஸ் லிப்டன், கோப்பி வீழ்ச்சியால் மலிந்து கிடந்த தோட்டங்களை இப்பகுதியில் வாங்கினார். அம்முகட்டில் அமர்ந்து தம் சொத்தைப் பார்வையிட்டார் என்பது கதை. என்னுடன் வந்த பெரியவர் அக்கதையைச் சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வேறு ஒன்றைச் சொன்னார். “இந்தக் கல்லுலதாங்க பொம்பளைங்க கூடை எறக்குவாங்க.” “இந்த எடத்துல மண்ணு சரிஞ்சு எங்க பெரியப்பா போயிட்டாரு.” “இந்தக் கற்கட்டு எங்க தாத்தா செட்டு கட்டினது.” வளைவுக்கு வளைவு ஒரு பெயர் இருந்தது. அவற்றில் ஒன்றுகூட நில அளவைத் திணைக்களத்தின் படத்தில் இல்லை. நான் குறித்துக் கொண்டது பாதிதான். மீதி அவரோடு போயிருக்கும்.

தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும், மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்றும் இருந்த காலம் உண்டு. ஊவாகட்டவளைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் ஜோசப், தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக் கொண்டார். 2022இல் அவர் மறையும் வரை தமிழுலகம் அவரைத் தெளிவத்தை ஜோசப் என்றே அறிந்தது. பதுளைத் தோட்டமொன்றின் பெயர் அவரால் இலக்கியத்தில் நிலைத்தது. எல்லாத் தோட்டங்களுக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை.

‘பீக்கோ’ என்பது தேயிலைத் தரம் ஒன்றின் பெயர். கொழுந்து நுனியின் வெண்ணிற மென்மயிரைக் குறித்த சீனச் சொல்லிலிருந்து பிறந்தது. பாதைக்குப் பெயரிட்டவர்கள் இலையை நினைத்தார்கள். இதில் குற்றம் காண நான் விரும்பவில்லை. பெயர் அழகானது, விளம்பரத்துக்கு ஏற்றது. ஆனால் இதே வகையான வேலையை வேறொரு மலைநாட்டார் எவ்வாறு செய்தார்கள் என்பதை அறிவது நமக்கு நன்மை தரும். மத்தியதரைக் கடலில் உள்ள ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில், திரமுந்தானா மலைத்தொடரின் வழியே நெடிய நடைவழி ஒன்று செல்கிறது. அதன் பெயர் ‘உலர்கல் வழி’. சாந்தில்லாமல் கல்லடுக்கி அம்மலையில் படிநிலமும் பாதையும் அமைத்த உழைப்பாளரின் கைத்தொழிலே அந்த வழிக்குப் பெயராயிற்று. கரி சுட்டவர்களின் வட்டமேடைகள், பனிக்கட்டி சேமித்த குழிவீடுகள் ஆகியவை வழியோரம் பேணப்படுகின்றன. அம்மலைத்தொடரை யுனெஸ்கோ 2011இல் உலக மரபுரிமையாக ஏற்றது. உலர்கற் கட்டுக்கலையும் 2018இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு நடப்பவர், தாம் மிதிக்கும் கல்லை வைத்தவன் யார் என்று அறிந்து நடக்கிறார். அதே கற்கட்டு ஊவாவிலும் இருக்கிறது. அதைக் கட்டியவர்களின் பேரர்கள் அதே தோட்டத்தில் இன்னமும் வாழ்கின்றனர்.

வாழ்கின்றனர் என்று எழுதும் போது பேனா சற்றுத் தயங்குகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பலரது உடல்கள் மீட்கப்படவே இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. போவதற்கு வேறு நிலம் அவர்களுக்கு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்த போது பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளால் சிதைந்தது. புகையிரதப் பாதையும் பெருந்தெருக்களும் பல இடங்களில் அறுந்தன.

பெருந்தோட்ட நிலம் அரசுடையது. 1970களில் தேசியமயமாகி, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாக அந்நிலத்தில் பாதை போட்டவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குத் தாம் குடியிருக்கும் துண்டுக்கு உறுதி இல்லை. லயத்து வாசிகள் பலருக்குத் தனி முகவரியே கிடையாது. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கிருந்து வர வேண்டும். நடைவழியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, தொலைபேசித் திரையில் வழிகாட்டும் கோடும் இருக்கிறது. அக்கோட்டின் ஓரத்தில் உள்ள லயத்துக்கு எண் இல்லை. இந்த முரண் தீராமல் நடைவழியின் புகழ் நமக்கு முழுப் பெருமை ஆகாது.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தேயிலையின் நாட்கூலியை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு வேறு வருவாய் அவசியம். வழிகாட்டிகளாகவும், உணவு தருவோராகவும் தோட்டத்து இளைஞர்கள் இதில் இடம்பெற வேண்டும். அவர்கள் சொல்லும் கதை அவர்களுடைய கதையாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வழியோரப் பலகைகளில் தமிழ்ப் பெயர்களும், கிராமத்துச் சிங்களப் பெயர்களும் எழுதப்படட்டும். கற்கட்டுகள் காட்டப்படட்டும். ‘இது கோப்பிக் காலத்துக் குதிரைப் பாதை, இது கொழுந்து சுமந்தவர்களின் குறுக்கு’ என இரு வரி எழுதுவதற்குப் பெரும் பொருள் செலவாகாது.

2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டு நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நினைவு நடையொன்று, முன்னோர் வந்த காட்டு வழியைத் தொடர்ந்து ஒகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. உரிமைகளைக் கோரி நடந்த நடை அது. சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் அதில் கூட நடந்தனர். மாத்தளையில் அது நிறைவுற்றது. அங்கிருந்து சுமார் 16 மைல் தொலைவில், கண்டியின் ஹந்தானையில் பீக்கோ நடைவழி ஆரம்பமாகிறது. ஒன்று முடிந்த இடத்துக்கும் மற்றது தொடங்கும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரம் அவ்வளவுதான். அந்த 16 மைலையும் இணைத்து, மன்னார்க் கரையிலிருந்து ஊவாவின் கடைசித் தோட்டம் வரையிலான ஒரே வழியாக அதனைக் காட்ட யாரேனும் முன்வர வேண்டும். அப்பொழுது வரலாறு மாத்தளையோடு நின்றுவிடாது. அப்புத்தளைக்கும் பசறைக்கும் மடுல்சீமைக்கும் நடந்தே வந்தவர்கள் கணக்கில் சேர்வார்கள்.

அதுவரை செய்யக் கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ அயலிலோ தோட்டத்து முதியவர் யாராவது இருந்தால், அவர் நடந்த பாதையின் வளைவுகளுக்கு என்ன பெயர் என்று கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இந்த மழைக்காலம் வரும் முன் கேளுங்கள்.